கன்னி மூலையில் ஒரு கண்ணாடி ஜன்னல்

எங்கள் வீட்டில் எட்டு ஜன்னல்கள், ஆறு கதவுகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாஸ்துப்படி இரண்டும் இரட்டைப்படை. 2004-ல் கடலூரில் அந்த வீட்டைக் கட்டும்போது எண்ணி எண்ணி வைத்தது. எண்ணியவள் நான்தான். சமையலறைக்குப் பின்பக்கம் கொத்தனார் தானாகவே சின்னதாக ஒரு ஜன்னலுக்கு இடம் விட்டிருந்தார். ஒன்பதாகிவிடுமே என்று அன்றைக்கே செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா காத்து வரும்மா. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார். அந்த வீட்டில் எல்லாமே என் இஷ்டப்படிதான் நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். என் கணவர் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். மாதத்தில் இரண்டு வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருப்பேன். அவருக்கு இட்லியை எடுத்து வைத்துவிட்டு, மகளுக்குத் தலை பின்னி வேனில் ஏற்றிவிட்டு, சிதம்பரம் பஸ்ஸுக்கு ஓடுவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று அந்த பஸ் நிற்காத இடம் கிடையாது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பகல் முழுக்க அந்த வீட்டில் இருப்பது அவரும் அவருடைய தூக்கமும் மட்டும்தான். தூக்கம் வந்தால்.

பாய்லர் வேலையில் கண் அசரக் கூடாது. தண்ணீர் மட்டத்தையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் தூங்கினால்தான் ராத்திரியில் விழிக்க முடியும் என்பதைச் சொல்ல இன்ஜினியர் வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் அவரே இதைச் சொல்லிவிட்டு, "எனக்கு நீ வேற எதுவும் செய்ய வாண்டாம், பகல்ல தூங்க வுட்டாப் போதும்" என்று சிரித்தார். அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

வாஸ்து பார்க்காத இடம் என்று எங்கள் வீட்டில் சொல்ல வேண்டுமானால் கிணற்றடிதான், ஏனென்றால் கிணறே கிடையாது. தென்மேற்கு மூலைக்குக் கன்னி மூலை என்று பெயர். வீட்டுத் தலைவர் படுக்கும் அறை அங்கேதான் வர வேண்டும். எதிர்க்கோடியில் வடகிழக்கு, ஈசானிய மூலை. அது சாமிக்கு. அங்கே விளக்கு ஏற்றலாம், குடத்தில் தண்ணீர் வைக்கலாம், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுத் தலைவர் மட்டும் படுக்கக் கூடாது. கடலூரில் வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று வரும். அதே நேரத்தில் வெயில் மேற்கே இறங்கும். பகலில் தூங்க வேண்டிய மனுஷனை மேற்கு வெயில் அடிக்கிற மூலையில் படுக்க வைத்துவிட்டு, காற்று வருகிற மூலையில் சாமி படங்களை வரிசையாக மாட்டினேன். சாமிக்கு வியர்க்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு வாஸ்துவில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. பயம்தான் இருந்தது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பண்ருட்டியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பஸ் கண்டக்டர். காலை ட்ரிப் முடித்து வந்து மத்தியானம் முன்னறையில் படுப்பார். அது வடகிழக்கு அறை. ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். காரியத்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "ஈசானியத்துல படுத்தா ஆம்பள தங்கமாட்டான். தெரிஞ்சே படுத்திருக்காரு, பாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தம்பிக்கு அப்போது நாலு வயது, அவனுக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் சொன்னது எனக்கு மறந்துபோனது. அவள் சொன்னது மட்டும் தங்கிவிட்டது.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, என் கணவர் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "என்ன ஆனாலும் நீங்க சாமி ரூம்ல படுக்கக் கூடாது. சத்தியம்லாம் வாண்டாம். சரின்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அப்பா செத்த கதை அவருக்குத் தெரியும். நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றார். நான் நிம்மதியாகப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

முதல் இரண்டு வருஷம் பெரிய தொந்தரவு இல்லை. படுக்கை அறைக்கு மேற்கே காலி மனை. அதில் ஒரு வேப்ப மரம் நின்றது. எங்கள் ஜன்னல்மேல் வெயில் படாமல் அது பார்த்துக்கொண்டது. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. 2006-ல் மனைக்காரர் வந்து மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினார். அந்த வருஷம் சித்திரையில்தான் மேற்கு வெயில் என்றால் என்ன என்று தெரிந்தது. நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரில் கை வைத்தால் சுவர் சுடும். அவர் ஹாலில் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தூங்கனீங்களா?" என்று கேட்பேன். "ம், கொஞ்சம்" என்பார். கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தோம். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி வாங்கிக் கட்டினோம். தட்டி நன்றாகத்தான் வேலை செய்தது, சொல்ல வேண்டும். வெயில் ஜன்னலைத் தொடவே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள், "என்னா, டீக்கடை போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். புது வீடு, கடன் வாங்கிக் கட்டிய வீடு, அதைப் போய் டீக்கடை என்கிறாளே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே தட்டியைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டேன். என் கணவர் கழற்றும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதை எல்லாம் நான் சம்மதம் என்றே வைத்துக்கொண்டேன்.

எங்கள் அலுவலகம் சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றில் ஒரு பழைய வாடகை வீட்டில் இருந்தது. எல்லா ஜன்னலுக்கும் நாலு மரக்கதவு, மேலே இரண்டு, கீழே இரண்டு. அங்கே அட்டெண்டராக இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஃபைல் தூக்குவதைவிட ஜன்னல் சாத்துவதுதான் அவளுக்கு முக்கியமான வேலை என்று நாங்கள் கேலி பண்ணுவோம். காலையில் வந்ததும் கிழக்குப் பக்கத்தைச் சாத்துவாள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து கிழக்கைத் திறந்து மேற்கைச் சாத்துவாள். மேல் கதவுகளை மட்டும் நிழல் பக்கத்தில் எப்போதும் திறந்தே வைப்பாள். வெளிச்சம் போதவில்லை என்று நான் ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"வெயில வெளியவே நிறுத்தணும்க்கா. உள்ள வுட்டுட்டு அப்புறம் ஃபேனப் போட்டுத் தொரத்தனா அது போவுமா?" என்றாள்.

"மேல எதுக்குத் தொறந்து வச்சிருக்க?"

"சூடு மேலதான போயி நிக்கும். அதுக்கு ஒரு வழி வாண்டாமா?"

நான் டிகிரி படித்தவள். அவள் பத்தாவது. டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அந்த அறையில் மத்தியான நேரத்தில் ஃபேன் ஓடாவிட்டாலும் உட்கார முடிந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரவில்லை. சாயங்கால பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவளுக்கு நினைவில் இருப்பது காலும் இடுப்பும்தான்.

தம்பி அதற்குள் வளர்ந்து, பாலிடெக்னிக் முடித்து, பண்ருட்டியில் அலுமினிய வேலை செய்யும் கடை போட்டிருந்தான். 2008-ல் எங்கள் வீட்டுக்கு வந்தவன் படுக்கை அறை ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என்னா காலத்து ஜன்னல்? சந்துல தூசி, சந்துல கொசு. அலுமினியத்துல ஸ்லைடிங் போட்டுக் குடுக்கறேன். கறுப்புக் கண்ணாடி. வெயிலே தெரியாது. நாளைக்கு ஏசி வாங்கனா குளிர் வெளிய போவாது, கரண்ட் மிச்சம். மாமா கம்முனு தூங்குவாரு" என்றான். கடைசியாகச் சொன்னதில்தான் நான் விழுந்தேன்.

நாலடி ஜன்னலை இடித்து ஆறடியாக்கினான். வேங்கை மரத்தில் செய்த நாலு கதவு ஜன்னல் மாடிப்படிக்குக் கீழே மூங்கில் தட்டிக்குத் துணையாகப் போனது. ஜன்னல் பெரிதானாலும் எண்ணிக்கை எட்டுதான், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் கண்ணாடியை அப்படியும் இப்படியும் தள்ளி விளையாடினாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி முகத்தில் அப்படி ஒரு பெருமை. அக்கா வீட்டுக்கு என்று லாபம் வைக்காமல் செய்தான், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்லது செய்யத்தான் வந்தான்.

லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கண்ணாடியின் உள்பக்கத்தை நான் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. கறுப்பு நிறம் வெளிச்சத்தை மறைத்ததே தவிர சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு அறைக்குள்ளே விட்டது. பழைய ஜன்னலைத் திறந்தால் முழுசாகத் திறக்கும். இது தள்ளுகிற ஜன்னல், பாதிதான் திறக்கும். அந்தப் பாதியிலும் கொசுவலை. மேலே நிற்கும் சூடு வெளியேற வழி கிடையாது. முன்பு நாலடிக்கு வந்த வெயிலுக்கு இப்போது ஆறடி வாசல் போட்டுக் கொடுத்திருந்தோம்.

அதனால் ஏசி வாங்கினோம். வேறு என்ன செய்ய? அந்த ஆறடிக் கண்ணாடியோடு மல்லுக்கட்டி ஏசி ஓடியது. கரண்ட் பில்லைப் பார்த்ததும் அவர் ஏசியைப் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் போடுவேன் என்றார். பன்னிரண்டு மணிக்கு மேல்தான் கரண்ட் கட். அந்த வருஷங்களில் எங்கள் ஊர்ப்பக்கம் பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் எடுப்பார்கள். பிறகு அது மூன்றானது. ஏசிக்காகச் சந்துபொந்தெல்லாம் சிலிகான் வைத்து அடைத்த அறை. கரண்ட் போனதும் அதில் பத்து நிமிஷம் படுக்க முடியாது. கரண்ட் வந்தாலும் வோல்டேஜ் இருக்காது. ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கே அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

2010 வெயிலில் அவருக்குத் தொழிற்சாலையில் மெமோ கொடுத்தார்கள். டியூட்டியில் கண் மூடியிருந்தாராம். மெமோவை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். துணி துவைக்கும்போது நான்தான் எடுத்தேன். "ரெண்டு நிமிஷம்தான்" என்றார். பாய்லருக்கு முன்னால் இரண்டு நிமிஷம் என்றால் என்ன என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. தம்பிக்குப் போன் செய்தேன்.

தம்பி வந்து அறையை அளந்தான். தான் போட்ட ஜன்னலை அவன் குறை சொல்லவில்லை. படுக்கை அறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர் திறந்தால் சூடு அந்தப் பக்கம் போய்விடும் என்றான். நான் எண்ணினேன்.

"ஒம்பது ஆயிடும்டா."

"வென்டிலேட்டரெல்லாம் ஜன்னல் கணக்குல வராதுக்கா."

"வரும்னு சொல்றாங்க."

"அப்ப ரெண்டாப் போட்டுடறேன். பத்து. சரியா?"

"எங்க போடுவ? அந்தப் பக்கம் பரண், இந்தப் பக்கம் பீம்."

அவன் அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். "அப்ப ஒண்ணு செய்க்கா. மாமாவ சாமி ரூம்ல படுக்கச் சொல்லு. காத்து அள்ளிக்கிட்டுப் போவுது அங்க. ஒரு காசு செலவு இல்ல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. அவனும் குரலை உயர்த்தி, "அப்பா செத்தது நெஞ்சு வலியில. வூட்டு மூலையில இல்ல. எனக்கும்தான் அப்பா இல்லாம போனாரு, நான் எதனா மூலையப் பாத்து பயந்துக்கிட்டா இருக்கறேன்?" என்றான்.

அவர்தான் நடுவில் வந்து, "வுடு மச்சான். இருக்கறபடி இருக்கட்டும்" என்று அவன் தோளில் கை போட்டு வாசலுக்கு அழைத்துப்போனார். இரண்டு மாதம் நான் தம்பியிடம் பேசவில்லை.

அடுத்த வருஷம் ஒரு காலை நேரத்தில் ஷிப்ட் முடித்து வண்டியில் வந்தவர் கெடிலம் பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். எதிரில் யாரும் வரவில்லை, நாய் குறுக்கே ஓடவில்லை. தூங்கிவிட்டார், அவ்வளவுதான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. நின்றுவிட்டதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுப் போட்ட டாக்டர், பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். "அஞ்சு" என்றார் இவர். இரண்டுதான் என்பது எனக்குத் தெரியும். நான் மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் கூடியது. மூலை சரியாக இருக்கும்போதே இப்படி என்றால், மூலையும் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பயந்தவள் மூளை அப்படித்தான் போகும். திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன். எலும்பு கூடியதும் போய் அவருக்கு மொட்டை அடித்தோம். வேண்டுதல் என்னுடையது, போனது அவர் தலைமுடி. கோயிலை ஒட்டிய சின்ன மலையில் படியேறும்போது, "தலையில காத்து நல்லாத்தான் வருது" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதே அறையில் அவருக்குப் படுக்கை விரித்தேன்.

2011 டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. அரையாண்டு லீவுக்கு மகள் பண்ருட்டியில் அம்மா வீட்டில் இருந்தாள். அவர் நைட் ஷிப்ட்டில் இருந்தார். வீட்டில் நான் ஒருத்திதான். விடிந்தும் விடியாத நேரத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. அந்த ஆறடி ஜன்னல் முதலில் தடதடவென்று ஆடியது. கண்ணாடிப் பலகை ஒன்று பள்ளத்தை விட்டு எழும்பி உள்ளே விழுந்தது. பிறகு சட்டமே வளைந்து மீதியும் வந்தது. மழை படுக்கை மேல் பக்கெட்டில் ஊற்றுவதுபோல் கொட்டியது. ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் சாமி அறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே கிழக்கு ஜன்னலும் வடக்கு ஜன்னலும் பழைய நாலு கதவு மர ஜன்னல்கள்தான். மாற்றப்படாதவை. முனகினவே தவிர அசையவில்லை. வீட்டில் காய்ந்திருந்த தரை அது ஒன்றுதான்.

மழை விட்டும் அவர் வரவில்லை. மாற்று ஆள் வர முடியாததால் அடுத்த ஷிப்டையும் அவரே பார்த்திருக்கிறார். சாலை முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். வீட்டு வாசலுக்கு வரும்போது மணி மூன்றுக்கு மேல். சட்டையெல்லாம் சேறு. படுக்கை அறையை எட்டிப் பார்த்தார். மெத்தையில் கண்ணாடித் துண்டுகள் மின்னின. ஹாலைப் பார்த்தார். தண்ணீர். பிறகு சாமி அறை வாசலுக்கு வந்து, நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கேட்டார்:

"இங்க படுக்கட்டுமா?"

முப்பது மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவர், தான் கட்டிய வீட்டில், தரையில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் கேட்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? "படுங்க" என்றேன். பாயைப் போட்டு, காய்ந்த வேட்டி ஒன்றைக் கொடுத்தேன். தலை சாய்த்ததும் தூங்கிவிட்டார். நான் சுவரோரம் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல் இருந்தால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மறுநாள் காலை வரை தூங்கினார். எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றார். நான் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அழுதேன்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. மேற்கு ஓட்டையைப் பழைய கதவு ஒன்றையும் தகரத்தையும் வைத்து அடைத்திருந்தோம். அவர் சாமி அறையிலேயே படுத்தார். நான் தடுக்கவில்லை. முதல் ஒரு மாதம் அலுவலகத்திலிருந்து தினமும் மத்தியானம் போன் செய்வேன். மணி அடித்து அவர் எடுத்ததும், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பேன். தூங்குகிற மனுஷனைப் போன் செய்து எழுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாள் உறைத்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தம்பி வந்தான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அம்மா வீட்டுப் பின்பக்கம் நின்ற பலா மரமும் போய்விட்டது. "ஜன்னல் என்னால போச்சுக்கா" என்றான். "உன்னாலயும் இல்ல, காத்தாலயும் இல்ல. நாந்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்" என்றேன். அவன் அந்தப் பலா மரத்தை அறுத்து, காய வைத்து, வைகாசியில் நாலு கதவு ஜன்னலாகக் கொண்டுவந்து மாட்டினான். பழைய வேங்கை ஜன்னலைக் கரையான் தின்றிருந்தது, இல்லையென்றால் அதுவே போதும். ஆறடி ஓட்டையில் இரண்டடியைச் செங்கல் வைத்து மறுபடி அடைத்தோம். மூங்கில் தட்டியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி வெளியே கட்டினேன். டீக்கடை என்று சொன்னவளும் அந்தக் கோடையில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது என்று ஊரே அல்லாடிய வருஷம் அது.

சிதம்பரத்தில் அந்த அட்டெண்டர் பெண்ணிடம், "நீ அன்னைக்கு ஜன்னலப் பத்தி சொன்னது சரிதான்" என்றேன். "என்னாக்கா சொன்னேன்?" என்றாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. எழுந்து மேற்கைச் சாத்தப் போய்விட்டாள்.

பலா ஜன்னல் வந்த அந்த வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டேன். அவருக்கு நைட் ஷிப்ட் வாரம். காலை முழுக்கக் கிழக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன். ஒரு மணிக்கு மெதுவாகத் திறந்தேன். கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை. காற்று வந்தது. சாமி படத்து மாலைகூட ஆடியது. அவர் வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினார். மேற்கு அறையில் போய் நின்று பார்த்தேன். மரக்கதவு சாத்தியிருந்ததால் அங்கேயும் முன்பு மாதிரி கொதிக்கவில்லை. ஆனாலும் இந்தக் காற்று அங்கே இல்லை. நடுவில் ஹால்தான். கணக்குப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும்.

மூன்றரை மணிக்கு எழுந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ரொம்ப நாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏங்க, இத்தன வருஷமா பகல் பூரா நான் சிதம்பரத்துல கெடந்தேன். புள்ள ஸ்கூல்ல. நீங்க எங்க படுக்கறீங்கன்னு யாரு வந்து பாக்கப் போறா? ஒரு நாளாவது இங்க வந்து படுத்திருக்கலாமில்ல?"

அவர் டீயை ஊதினார். கோபமோ வருத்தமோ முகத்தில் இல்லை. நான் ஏதோ தெரிந்த விஷயத்தைத் திரும்பக் கேட்கிறேன் என்பது போலத்தான் பார்த்தார்.

"உங்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்ல" என்றார்.

குடித்து முடித்து, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்காத வீட்டில், கதவைத் திறந்தால் காற்று வரும் என்று தெரிந்தும், அவர் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் புரண்டு புரண்டு படுத்த பகல்கள் எத்தனை இருக்கும்? ஜன்னலையும் கதவையும் அப்படி எண்ணிய எனக்கு, அதை எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.